டிஸ்க்கில் இடமில்லை

11 மார்ச் 2025, செவ்வாய்

மறுபடியும் டிஸ்க் நிறைந்துவிட்டது. கல்யாண ஃபிளெக்ஸ் ஒன்று. மாப்பிள்ளை தலைக்கு மேலே வரிசையாகத் தாய்மாமன் தலைகள். சேமிக்கக் கொடுத்தால் மாட்டேன் என்கிறது. கடை முதலாளி பால்பாண்டி அண்ணாச்சி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். "என்னம்மா பொன்மணி, மறுபடி முக்குதா?"

முக்காமல் என்ன செய்யும்? ராஜபாளையத்து மூஞ்சிகளை எல்லாம் இத்தனூண்டு டிஸ்க்கில் திணித்து வைத்திருக்கிறது. பூப்புனித நீராட்டு, காதணி, கல்யாணம், வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி. புது டிஸ்க் வாங்குங்க என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! அதை மட்டும் மனுஷனுக்குக் காது கேட்காது.

"செத்தவங்க படத்தையெல்லாம் தூக்கிரு. ஒரு தடவ செத்தவன் மறுபடியுமா சாவான்?"

"முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு வருவாங்க அண்ணாச்சி."

யோசித்தார். "ஆமா, அதுவும் யாவாரந்தான். இருக்கட்டும்."

இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டதே நான்தான். எங்கேயோ திருட்டு சாஃப்ட்வேருக்கு ரெய்டு வந்தது என்று யாரோ சொல்ல, அண்ணாச்சி என்னிடம் ஓடிவந்தார். இலவசமாகவும் வேண்டும், போலீசும் வரக் கூடாது என்றார். படித்த டிப்ளமோ அன்றைக்காவது உதவியது. ஆனால் லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. மென்பொருள் எல்லாம் பொட்டலமாக இறங்கும். பிரித்துப் போட்ட பிறகும் பொட்டலம் அப்படியே கிடக்கும், மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி பரணில் கிடப்பதுபோல. நீக்கிய மென்பொருளுக்குத் துணையாக வந்தவை, சிஸ்டத்துக்கு மையமான கெர்னலின் பழைய பதிப்புகள், எல்லாமே போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மூன்று வரி தட்டினேன். ஒன்பது ஜி.பி. கிடைத்தது. தாய்மாமன்கள் பிழைத்தார்கள்.

20 மார்ச், வியாழன்

அண்ணாச்சி பேப்பர் எடுக்க சிவகாசி போன நாள் பார்த்து வம்பு. டிஸ்க் நிறைந்து நிற்கும்போது முனீஸ்வரி அக்கா கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டாள். அவள் பேனர்களுக்கு ஓட்டை போட்டு வளையம் அடிக்கிறவள், எங்கள் கடையில் அவளைக் கேட்காமல் ஈ பறக்காது. பாஸ்வேர்டு போட்டால் ஒரு வினாடி கறுத்து, திரும்பவும் பாஸ்வேர்டு கேட்கிறது. மறுபடி போட்டால் மறுபடி. இடமே இல்லாதபோது அணைத்தால் திரும்ப உள்ளே விடாது. வேறு வழியாக உள்ளே போகத் தெரிய வேண்டும். எனக்கே அரை நாள் ஆனது.

"ஏட்டி, அண்ணாச்சிட்ட சொல்லிராத."

சொல்லவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

29 மார்ச், சனி

அம்மா பேசினாள். ரேஷன் கடைக்கு வந்த இடத்தில், யாருடைய ஃபோனிலிருந்தோ. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை.

பிப்ரவரி மூன்றாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்டர் ஆபீசில் நானும் ஜோயலும் கையெழுத்துப் போட்டு, அங்கேயே ஒரு மாடியில் வாடகைக்குக் குடிபுகுந்தோம். அவன் கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். வேற ஆளுங்க, வேற சாமி. எங்க அப்பாவுக்கு இதில் எது பெரிய குத்தம் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று சாயங்காலமே சேத்தூர் வீட்டு வாசலில் என் படம் எல்லாவற்றையும் போட்டு எரித்தாராம். பள்ளிக்கூட அடையாள அட்டையைக்கூட விடவில்லை என்றாள் அம்மா.

"செத்த நாள் பொறுட்டி. அவிய கோவம் பங்குனிப் பொங்கலுக்குள்ள அடங்கிரும்."

"நீ எப்படிம்மா இருக்க?"

"வச்சிருதேன். ஃபோன்காரி பாக்கா."

அப்பா ஒரு தடவை "பொன்னு" என்று கூப்பிட்டுவிட்டால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம். இதை ஜோயலிடம் சொன்னால் அவன் முகம் வாடிவிடுகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

ஜோயலோடு அய்யனார் கோவில். அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது, அதற்கே அவ்வளவு கூட்டம். நீலப் புடவை கட்டியிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்து ஜோயல் ஒரு படம் எடுக்கச் சொன்னான். என் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டான். நல்லா வந்திருக்கிறது. நான் இவ்வளவு அழகா என்று எனக்கே சந்தேகம்.

9 மே, வெள்ளி

அம்மா. தம்பி காளிராஜுக்கு வாசுதேவநல்லூரில் பெண் பார்த்திருக்கிறார்களாம். வசதியான இடம்.

"அவுக ஒன்னப் பத்திக் கேக்காகட்டி."

"என்ன சொன்னீங்க?"

அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். கத்தரிக்காய் விலை சொன்னாள்.

நேற்று என் பிறந்தநாள். அவளுக்கு ஞாபகமே இல்லை போல. இல்லை, ஞாபகம் இருந்துதான் பேசினாளோ?

5 ஜூன், வியாழன்

இரண்டு கோடு. ஜோயல் குதித்த குதியில் வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து சத்தம் போட்டாள்.

அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். பேரன் என்றால் அப்பா இறங்கி வருவார். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

12 ஜூன், வியாழன்

அம்மா பேசினாள். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு அவசரம்.

"ஏட்டி, ஒன் படம் ஒண்ணு அனுப்பு. காளிராஜ் ஃபோனுக்கு வேண்டாம், இந்த நம்பருக்கே அனுப்பு. லெச்சணமா, நல்ல படமா."

"எதுக்கு அனுப்பணும், நானே வாரேன்" என்று சிரித்தேன்.

"பாக்கணும்னு ஆசையா இருக்குட்டி."

எனக்குக் கண் முட்டிவிட்டது. வீட்டில் என் முகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் சாம்பல். எடுத்து வைத்துப் பார்க்கட்டும். அருவிப் படத்தை அனுப்பினேன். ஜோயலும் அதில் இருக்கிறான், அம்மாவும் மாப்பிள்ளையைப் பார்க்கட்டுமே!

சாயங்காலம் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். முனீஸ்வரி அக்கா, "என்னட்டி, லாட்டரி விழுந்திருக்கா?" என்றாள்.

17 ஜூன், செவ்வாய்

வாந்தி. மூன்றாவது நாளாக லீவு. படுத்துக் கிடக்கும்போது அண்ணாச்சி கூப்பிட்டார்.

"பொன்மணி, மெஷின்ல எடமில்லைங்குதும்மா. நீ என்னமோ தட்டுவியே, அதச் சொல்லு."

"நாளைக்கு வந்து பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"இல்ல, அவசரம். ஒரு அஞ்சலி."

போஸ்டருக்குப் பிரிண்ட் கொடுத்தால் மெஷின் தனக்கென்று பெரிதாக ஒரு ஃபைல் எழுதிக்கொள்ளும். அதற்கு இடம் வேண்டும். சரி என்று எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"எஸ், யூ, டி, ஓ. பொறவு ஒரு இடைவெளி."

"இடைவெளி எங்க இருக்கு?"

"கீழ நீளமா கட்டை மாதிரி இருக்குல்ல, அது. பொறவு ஏ, பி, டி. மறுபடி கட்டை. கிளீன்."

"பாஸ்வேர்டு கேக்கு. தட்டுதேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது."

"விழுறது தெரியாது அண்ணாச்சி. கண்ணை மூடிட்டு அடிங்க."

அடுத்தது ஆட்டோரிமூவ். யாருக்கும் தேவைப்படாமல் கிடப்பதை எல்லாம் அதுவே கண்டுபிடித்து எடுத்துவிடும். "இதையெல்லாம் நீக்கட்டுமான்னு கேக்கும், ஒய் தட்டுங்க." தட்டினார். மூன்றாவது வரி, நீக்கிய மென்பொருள்கள் விட்டுப்போன மிச்சம் மீதிக்கு. அதையும் சொன்னேன். பத்து ஜி.பி.க்கு மேல் விடுதலை.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் போட்ட தாமரை டிசைன் இருக்குல்ல, அதையே எடுங்க அண்ணாச்சி. படமும் பேரும் தேதியும் மாத்துனா போதும். நல்லா இருக்கும்."

மௌஸைச் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாரும்மா" என்றார். "நூறு வயசு இருப்ப."

படுத்துக்கொண்டே கடையை நடத்துகிறேன் என்று ஜோயலிடம் பெருமையடித்தேன்.

18 ஜூன், புதன்

எழுதணுமா? எழுதறேன். எழுதாட்டி வெடிச்சிரும்.

காலையில் உடம்பு கொஞ்சம் தேவலை. வேலைக்குக் கிளம்பினேன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீக்கடைச் சுவரில் வரிசையாக ஆறேழு போஸ்டர், பசை இன்னும் காயவில்லை. என் தாமரை. என் விளக்கு. நான் வைத்த பார்டர். அட, அண்ணாச்சி பரவாயில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் முகத்தைப் பார்த்தேன்.

கண்ணீர் அஞ்சலி. தோற்றம், என் பிறந்தநாள். மறைவு, பிப்ரவரி மூணு. எங்க கல்யாண நாள்! பெயர் பொன்மணி. கீழே, ஆறாத் துயரில் வாடும் பெற்றோர், சகோதரன், சேத்தூர்.

நீலப் புடவை. அருவியை வெட்டிவிட்டுப் பின்னால் வானம் போட்டிருந்தார்கள். ஜோயலை வெட்டிவிட்டார்கள். ஆனால் அண்ணாச்சிக்கு வெட்டத் தெரியுமா? என் தோளில் ஜோயலின் இரண்டு விரல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் ஓரத்தில் அருவித் தண்ணீர் வெள்ளையாகப் பிசிறு. அரை மணி நேர வேலை அது, வெட்டும் இடத்தைச் சுற்றி ஒழுங்காக மாஸ்க் போட்டு மறைத்திருந்தால் வந்திருக்காது. செத்துப்போனதாகப் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டு வேலை சரியில்லை என்று நிற்கிறேன். எனக்குப் பைத்தியமா?

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். டம்ளர் வழிந்தது.

கடைக்கு நடந்தேன். ஓடினேனா, தெரியவில்லை. அண்ணாச்சி ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கா அண்ணாச்சி? என்னைய வச்சே எனக்கா?"

"ஒக்காரும்மா மொதல்ல."

"ஒங்களுக்குத் தெரியும்லா? ஃபோன்ல பேசும்போது தெரியும்லா?"

"ஒங்கப்பா முன்னால நிக்காரு. கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு. நா மாட்டேன்னா எதுத்த கடைல அடிச்சிட்டுப் போவாரு. அவன் அடிச்சா எழுத்துல நாலு தப்பு வரும்." நிஜமாகவே இதைச் சொன்னார். "யாவாரத்துல நா என்னத்தம்மா பாக்கது?"

"நூறு வயசு இருப்பன்னு சொன்னீங்களே."

"மனசாரத்தான் சொன்னேன்."

முனீஸ்வரி அக்கா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் அழுதாள், நான் அழவில்லை. "பொண்ணு வீட்டுல கேட்டாகளாம்ட்டி. அவ ஒங்க குடும்பத்துல இல்லைன்னு ஊருக்குத் தெரியுற மாதிரி செஞ்சாத்தான் நிச்சயம்னு. அதான்." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்கு ஒரு வார்த்த முன்னாலயே தெரிஞ்சிருந்தா அந்த மெஷின்லயே தண்ணிய ஊத்தியிருப்பேன்" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தக் கடை வாசல் மிதிக்க மாட்டேன்.

நான் சொன்ன மூணு வரி. நான் அனுப்பின படம். நான் செஞ்ச டிசைன். அவங்க செஞ்சது பசை தடவினது மட்டும்தான்.

21 ஜூன், சனி

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்கிறான் ஜோயல். போய்? உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கவா?

2 ஜூலை, புதன்

அம்மா.

"படம் அனுப்பும்போது ஒனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியாதுட்டி." கொஞ்ச நேரம் கழித்து, "தெரியும்" என்றாள்.

ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அவிய எப்படியும் போடத்தான் போறாவ. ஒன் மொகம் ஒண்ணுமே வீட்டுல இல்ல. ஆதார் அட்டை ஜெராக்ஸ்ல பேய் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதக் குடுக்கப் போனாவ. எம் மக கடைசிப் படம் அப்படியா இருக்கணும்? நல்ல படமா போடட்டும்னுதான் கேட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டேன். பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொல்லவே இல்லை. சொல்லவும் போவதில்லை. செத்தவளுக்கு எப்படிப் பிள்ளை பிறக்கும்?

27 ஜூலை, ஞாயிறு

ஆண்டாள் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரே நிறைந்து கிடக்கிறது. மாடவீதிப் பக்கம் சேத்தூர்க்காரி ஒருத்தி, என்னோடு எட்டாவது வரை படித்தவள், எதிரே வந்தாள். பார்த்தாள். அப்படியே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். பயந்தாளா, வெட்கப்பட்டாளா?

வேலை வீட்டிலிருந்தே. ஜோயல் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். பால்கோவா டப்பாவுக்கு லேபிள், பள்ளிக்கூட ஆண்டு விழா அழைப்பு. அஞ்சலி வந்தால் செய்வதில்லை. ஆனால் இதிலும் டிஸ்க் சின்னதுதான், இதிலும் பொட்டலம் சேருகிறது. நான் எங்கே போனாலும் குப்பை கூட வருகிறது.

5 செப்டம்பர், வெள்ளி

காளிராஜுக்கு நேற்றுக் கல்யாணம் நடந்ததாம். முனீஸ்வரி அக்கா சொன்னாள். ஃபிளெக்ஸ் அண்ணாச்சி கடையில்தான். சொந்தக்காரர்கள் முகம் எல்லாம் இருந்ததாம், வீட்டு நாய்கூட இருந்ததாம். ராஜபாளையத்து நாயாச்சே, கௌரவம் வேண்டாமா!

அப்பா எப்படி இருந்தார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அக்காவே சொன்னாள். "ஒங்கப்பா ஆளே பாதியாயிட்டாரு. ஃபோட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னு கத்துதான், மனுசன் சிரிக்கவே இல்ல."

நல்லது. சிரிக்க வேண்டாம்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஜோயலுக்கு அதிரசம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பண்டிகை இல்லை, ஆனால் அதிரசம் உண்டு. ஃபோன். அண்ணாச்சி நம்பர். ஜூனுக்குப் பிறகு இன்றுதான்.

"பொன்மணி, கோவிச்சுக்கிடாம கேளு. மெஷின்ல எடமில்லைங்குது. புது ஆளு லீவுல ஊருக்குப் போயிட்டான், ஃபோன எடுக்க மாட்டேங்கான். அன்னைக்கு ஒரு மூணு வரி சொன்னியே."

"யாருக்கு?"

அவருக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"யாருக்குன்னு கேட்டேன் அண்ணாச்சி."

"ஒங்கப்பாவுக்கும்மா. விடியக்காலம். நெஞ்ச வலிக்குன்னு ஒக்காந்தவரு எந்திரிக்கல. ஒனக்கு யாரும் சொல்லலியா?"

யார் சொல்லுவாக எனக்கு?

அதிரசம் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பிடித்துக்கொண்டே நின்றேன்.

"எதுத்த கடைல அடிக்கச் சொல்லுங்க."

"தீபாவளியும் அதுவுமா எவன்மா தொறந்திருக்கான்? நா மாடிலயே குடியிருக்கதால தொறந்தேன். மத்தியானம் எடுத்துருவாக. ஊருக்குள்ள ஒரு போஸ்டர்கூட இல்லாம எப்படி? காளிராஜ் பக்கத்துலதான் நிக்கான்."

"போஸ்டர்ல மகள்னு எம் பேரு வருமா?"

ஃபோனைக் கையால் மூடினார். ஆனாலும் கேட்டது. என் தம்பி குரல், உடைந்து போன குரல்: "செத்தவ பேர எப்படி அண்ணாச்சி போட? ஊரு சிரிக்காதா? பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் வந்திருக்காங்க."

அவன் சொன்னதும் சரிதானே. அந்த ஊர்ச் சுவரில் ஏற்கெனவே செத்தவள் எப்படி அப்பனுக்கு அழுவாள்?

அண்ணாச்சி திரும்ப வந்தார். "அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்மா. இப்ப அந்த மூணு வரிய மட்டும் சொல்லு. எஸ், யூ, அப்புறம் என்னது?"

எனக்கு ஞாபகம் இருந்தது. இருக்காதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் தட்டுவேன்.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. எல்லாத்தையும் மூடிட்டு ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சரியாயிரும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நல்லாரும்மா" என்றார்.

ஃபோனை அணைத்துவிட்டேன்.

21 அக்டோபர், செவ்வாய்

நேற்று ஜோயல் என்னைக் கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு சேத்தூர் போயிருக்கிறான். கிட்டப் போகவில்லை, ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தான். கொட்டு இருந்தது, மாலை இருந்தது, கூட்டம் இருந்தது.

"ஒரு சொவத்துலயும் அவர் போஸ்டர் இல்ல. வெளியூர்க்காரங்க எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேட்டுக்கிட்டே நிக்காங்க. ஒன் தம்பி ஆளாளுக்குப் பதில் சொல்ல முடியாம தலயக் குனிஞ்சுக்கிட்டான்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பஸ் ஸ்டாப்புல ஒன்னோடது மட்டும் பாதி இருக்கு. மழைல வெளுத்துப் போச்சு. என் வெரல் இருக்கு."

பிறகு, அன்றைக்கு முனீஸ்வரி அக்கா செய்து மாட்டிக்கொண்டதையே அண்ணாச்சியைத் தெரிந்தே செய்யச் சொன்னேன் என்று அவனிடம் சொன்னேன். மடித்த துணிகளை வாங்கி அலமாரியில் வைத்தான். "நீ செஞ்சது தப்பு பொன்மணி."

"சரின்னு நான் சொல்லலியே."

சந்தோஷமாக இருந்தது. எழுதத்தானே நாட்குறிப்பு? எழுதிவிடுகிறேன். தம்பி தலையைக் குனிந்தான் என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா செத்ததற்கு அழுகை வந்தது மத்தியானம்தான். சோறு வடிக்கும்போது வந்தது, நிற்கவே இல்லை.

பொன்னு என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்லா? எத்தன மாசம் இருந்துச்சு! ஒரு தடவ!

24 அக்டோபர், வெள்ளி

அப்பாவுக்கு அஞ்சலியை நானே செய்தேன். லேப்டாப்பில். யாரும் கேட்கவில்லை.

நான் டிப்ளமோ முடித்த அன்று காலேஜ் வாசலில் அப்பாவோடு எடுத்த படம், என் பழைய மெயிலில் கிடந்தது. வெள்ளைச் சட்டை, பையில் பேனா குத்தியிருக்கிறார், எழுதத் தெரிந்தவர்போல. பக்கத்தில் நான். சர்ட்டிபிகேட்டை அவர்தான் பிடித்திருக்கிறார், என் கையில் தரவில்லை. வாய் நிறையச் சிரிப்பு. என்னை வெட்டி எடுத்துவிட்டு அவரை மட்டும் வைத்தேன். மீசை முடி ஒவ்வொன்றாக, காது மடல், சட்டைக் காலர். பிசிறே இல்லை. இதைவிடச் சுத்தமாக நான் யாரையும் வெட்டியதில்லை.

ஆறாத் துயரில் வாடும் என்பதற்குக் கீழே முதல் பெயராக மகள் பொன்மணி என்று போட்டேன். அச்சடிக்க மாட்டேன். யாருக்கும் காட்டவும் மாட்டேன்.

14 டிசம்பர், ஞாயிறு

எட்டாவது மாதம். குனிந்து கோலம் போட முடியவில்லை. ஜோயல் சர்ச்சுக்குப் போயிருந்தான், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆள் வேண்டுமாம்.

லேப்டாப் நிறைந்து நின்றுவிட்டது. இறங்கிய பொட்டலம், பழைய கெர்னல், என்றைக்கோ நீக்கியதன் மிச்சம், எல்லாவற்றையும் துடைத்தேன். காலியானதும் ஒரு நிம்மதி வருகிறது, வீடு கழுவிவிட்ட மாதிரி. அப்படியே அப்பா ஃபைலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபோன். புது நம்பர். அம்மா.

ஜூலைக்குப் பிறகு இப்போதுதான். எப்படி இருக்க என்றுகூடக் கேட்கவில்லை, குரல் கட்டியிருந்தது.

"ஏட்டி, ஒங்கப்பா படம் ஒண்ணு ஒன் கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

"எதுக்கும்மா?"

ஜூனில் இதைக் கேட்டு, அவள் சொன்னதை நம்பினேன். இப்போது மறுபடி கேட்டேன்.

"மாலை போட்டு வைக்க ஒரு படம் இல்லட்டி. காளிராஜ் கல்யாணப் படத்துல எல்லாம் மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்காவ. அவிய சிரிச்ச படம் நீ காலேஜ் முடிச்சப்ப எடுத்தது ஒண்ணுதான். அதுல நீ நின்னியா, அதயும் சேத்து எரிச்சுப்புட்டாவ. ஒரு போஸ்டர்கூட இல்லாம போயிட்டாவ மனுசன்."

"எனக்கு ஒட்டுனீங்கல்ல. குடும்பத்துக்கு அது ஒண்ணு போதும்."

அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாக்கணும்னு ஆசையா இருக்குட்டி" என்றாள்.

அதே வார்த்தை. இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும்.

"இல்லம்மா. டிஸ்க்ல இடமில்லாம எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"செத்த நேரம் தேடிப் பாரேன். எங்கயாவது கெடக்கும்."

"தேடிட்டேன்ம்மா. இல்ல."

சரி என்றாள். வச்சிருதேன் என்றாள். வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் வைத்துவிட்டாள்.

திரையில் அப்பா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மூலையில், காலி இடம் பதினான்கு ஜி.பி. என்று காட்டியது.